சொட்டு வேகம்

கல்யாணமான மூன்றாம் மாதமே என் மனைவி இரும்புக் குழாயில் மரை வெட்டக் கற்றுக்கொண்டாள். குழாய் வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாத காலம். நான் குழாயைப் பிடித்துக்கொள்ள, அவள் கட்டையில் கால் ஊன்றி மரை வெட்டும் அச்சைச் சுற்றுவாள். எண்ணெய் விடுவாள், அரைச் சுற்று பின்னால் திருப்புவாள், மறுபடியும் சுற்றுவாள். அவள் வெட்டிய மரையில் ஒரு சொட்டு கசிந்ததாக இன்றுவரை யாரும் வந்து சொன்னதில்லை. இதை நான் வெளியே சொன்னதே கிடையாது. கேட்டவர்களிடமெல்லாம் தனி ஆளாக மேலே வந்தவன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். பன்னிரண்டு வயதில் கட்டட வேலையில் சாக்கடைக் குழாய்க்குப் பள்ளம் தோண்டினேன். ஐம்பது வயதில், வரைபடத்தைப் பார்க்காமலே ஆறு மாடிக்குக் குழாய் எப்படிப் போக வேண்டும் என்று சொன்னேன். படித்த இன்ஜினியர்கள் நோட்டுப் புத்தகத்தோடு என் பின்னால் நடந்திருக்கிறார்கள். சுவரில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். சந்தேகமிருந்தால் என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

என் மனைவி கடவுளிடம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவாள். கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து, "இன்னிக்கி அந்த மோட்டார் ஓடிடணும், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்பாள். நான் கிண்டல் செய்வேன்.

"ராத்திரி பகலா உக்காந்து மோட்டார ஓட வெக்கிறது நானு. நன்றி வாங்கிக்கிறது அவரா?"

"நீங்க மோட்டார ஓட வைங்க. உங்கள ஓட வெக்கிறவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தாறாவது வயதில் மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்றார்கள். மொத்தம் எட்டு முறை. இரண்டாவது முறைக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் எங்கள் மகள் வந்து, அழுதுகொண்டே அம்மாவுக்குத் தலையை மழித்துவிட்டாள். மழித்து முடித்ததும் இவள் தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு என் வழுக்கையைப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பாத்த பொருத்தம் இப்பதான் சரியா அமைஞ்சிருக்கு" என்றாள். மகள் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஒவ்வொரு முறையும் மகள்தான் லீவு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கூட உட்கார்ந்தாள். இவளுடைய அக்கா எங்கள் வீட்டோடு வந்து தங்கிச் சமையலைப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மூவரும் முன்னறையில் உட்கார்ந்து கடவுளை வேண்டிக்கொள்வார்கள். நான் பக்கத்து அறையில் கட்டட வேலைக்காரர்களோடு போனில் கத்திக்கொண்டிருப்பேன். செலவைப் பார்க்கிறேன், காரில் கொண்டுபோய் விடுகிறேன், ஆண்பிள்ளை இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

நான்காவது முறை வந்தபோது மகளுக்குப் பரீட்சை வேலை.

"அப்பா, உங்களால மூணு மணி நேரம் சும்மா உக்கார முடியாது. பெரியம்மாவ அனுப்பறேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் முடியாது? பன்னெண்டு மாடியத் தூக்கி நிறுத்தறவனுக்கு ஒரு நாற்காலியில உக்காரத் தெரியாதா? நான் பாத்துக்கறேன், நீ போய்ப் பரீட்சைய நடத்து."

அன்று மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை இருந்தது. என் வாழ்க்கையிலேயே பெரிய வேலை. முதலாளிகள், இன்ஜினியர்கள் எல்லாரும் வந்து நிற்க, நான் வால்வைத் திறக்க வேண்டும். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பத்து மணிக்கு மருந்து ஏற்றினால் ஒரு மணிக்கு முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரத் தாமதமாகி, மருந்து ஏற்றும்போது பதினொன்றரை ஆகிவிட்டது.

அந்த ஹாலில் பத்துச் சாய்வு நாற்காலிகள். எங்களுடையது ஜன்னலோரம். நர்ஸுக்கு முப்பது வயதிருக்கும். நடந்து வருவது தெரியாத அளவுக்கு மெதுவாக நடக்கும் பெண். என் மனைவியை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். மருந்து பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் சொட்டுகளை எண்ணினாள். திருப்தியில்லாமல் இன்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு மறுபடியும் எண்ணினாள்.

"ஐயா, இத மட்டும் தொட்டுடாதீங்க. அக்காவுக்கு ஏதாவது பண்ணுற மாதிரி இருந்தா உடனே என்னக் கூப்பிடுங்க."

"நான் குழாய்லயே பொறந்து வளந்தவன்மா. நீ போ" என்றேன்.

முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு முறை வந்து எண்ணிவிட்டுப் போனாள். அப்புறம் ஹாலின் அந்தக் கோடியில் ஒருவருக்கு வாந்தி நிற்கவில்லை. அங்கே போனாள்.

மணி ஒன்று. பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது. போன் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. இவள் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சொட்டையே பார்த்தேன். சொட்டு. அப்புறம் யோசித்து, இன்னொரு சொட்டு. இவ்வளவு மெதுவாக ஒரு லைன் ஓடினால் நான் என் ஆளை வேலையைவிட்டு அனுப்பியிருப்பேன். எந்த வேகத்தில் போனாலும் போய்ச் சேருவது ஒரே இடம்தானே என்று தோன்றியது. தண்ணீரைத் தவிர வேறெதையும் தெரிந்துகொள்ளாதவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

எழுந்து, ஜன்னலைப் பார்ப்பதுபோல நின்று, சக்கரத்தை உருட்டிவிட்டேன். சொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். இவள் முகம் நெருப்பாகச் சிவந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். மூச்சு உள்ளே போகவில்லை.

இனிச் சொல்வதை என் மகளிடம்கூட ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறேன். நான் முதலில் கத்தவில்லை. முதலில் சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். நாற்பது வருடம் வால்வு திருப்பிய கை, சரியாகப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தது. அதற்குப் பிறகுதான் "சிஸ்டர்" என்று கத்தினேன்.

ஓடி வந்தாள். மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தாள். டாக்டர் வந்தார். என்னைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினார்கள். அறுபத்திரண்டு வயதில் முதன்முறையாகக் கடவுளைக் கூப்பிட்டேன். "யாரும் பாத்திருக்கக் கூடாது. யாரும் பாத்திருக்கக் கூடாது." இதுதான் நான் வேண்டிக்கொண்டது. அவள் பிழைக்க வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரத்தில் என் வாயில் அதுதான் வந்தது.

அரை மணி நேரத்தில் மூச்சு சீரானது. தலைமை நர்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். சீட்டில் எழுதியிருந்த கணக்கும் பாட்டிலில் மிச்சமிருந்ததும் ஒத்துப்போகவில்லை.

"நான் சரியாத்தான் வெச்சேன் மேடம். ரெண்டு தடவ எண்ணுனேன்" என்றாள் அந்தப் பெண்.

தலைமை நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க ஏதாவது தொட்டீங்களா?"

"நானா? எதத் தொடணும், எதத் தொடக்கூடாதுன்னு எனக்கு நீங்க சொல்லித் தரணுமா? இந்தம்மா ஆரம்பத்துல எண்ணுனதோட சரி. அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள், ஓடுகிறதா என்று.

விசாரணை திங்கட்கிழமை, அதுவரை அந்தப் பெண் வேலைக்கு வரக் கூடாது, தப்பு அவளுடையதுதான் என்று முடிவானால் வேலை போய்விடும் என்று சொன்னார்கள். என் மனைவியை ஒருநாள் வைத்திருந்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அழுத்தச் சோதனையை என் மேஸ்திரியே நடத்திவிட்டிருந்தான். நான் இல்லாமலே எல்லாம் சரியாக நடந்ததாம்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மூவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். கதவு திறந்திருந்தது. இவள் வழக்கத்துக்கு மாறாக வாய்விட்டு வேண்டினாள்.

"அந்தப் பொண்ணுக்கு வேல போயிடக் கூடாது. உண்மை எங்க இருக்கோ அது தன்னால வெளிய வரணும்."

இவள் அக்கா குறுக்கே புகுந்தாள். "உன்னக் கொல்லப் பாத்தவளுக்கா வேண்டுற? நல்லா இருக்குடி உன் நியாயம்."

"நீ கண்ண மூடுக்கா."

சனிக்கிழமையும் அதே வேண்டுதல், அதே வார்த்தைகள். நான் போனை எடுத்து எதிர்முனையில் யாரும் இல்லாமலே சத்தமாகப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னால் தாங்க முடியவில்லை. அவள் கட்டிலில் சாய்ந்து ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். வாயெல்லாம் புண், வேறெதுவும் இறங்காது. கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா. அந்தச் சக்கரத்த நான்தான் உருட்டுனேன்."

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "தெரியும்."

"கண்ண மூடிட்டுதானே இருந்த?"

"மருந்து என் கையிலதானே ஏறுச்சு? திடீர்னு ஜில்லுனு தோள் வரைக்கும் வந்துச்சு. கண்ணத் தொறந்தேன். நீங்க ஜன்னலப் பாத்துட்டு நின்னீங்க. ஜன்னல்ல என்ன இருக்கு? எதுத்த சுவருதான் இருக்கு."

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"ஏதோ பண்றாரு, தெரிஞ்சுதான் பண்ணுவாருன்னு நெனச்சேன். முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தானே நெனச்சிட்டிருக்கேன்."

இப்படிச் சொன்னதற்குப் பதில் அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

"அப்புறமாவது டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்க வாயால வரணும்னு காத்திருந்தேன். இந்த மூணு நாளா எனக்கு ஒடம்பு சரியாகணும்னுகூடக் கேக்கல. இத மட்டும்தான் கேட்டேன்." தட்டை என் கையில் கொடுத்தாள். "இன்னிக்கும் நீங்க சொல்லலன்னா நாளைக்கி நான் சொல்லியிருப்பேன். அப்புறம் உங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னுதான் தெரியல."

திங்கட்கிழமை காலை மகளும் கூட வந்தாள். காரிலேயே அவளிடம் சொன்னேன். கார் நின்றதும் அவள் இறங்கி, எனக்காகக் காத்திராமல் முன்னால் போய்விட்டாள்.

அறையில் டாக்டர், தலைமை நர்ஸ், மூலையில் அந்தப் பெண். நான் எத்தனையோ பெரிய மனிதர்கள் முன்னால் தலை நிமிர்ந்து பேசியவன். அன்று மேஜையின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். திருப்பியது, திருப்பி வைத்தது, பொய் சொன்னது, மூன்றையும்.

டாக்டர், "இன்னும் அஞ்சு நிமிஷம் அது ஓடியிருந்தா நீங்க இங்க வேற காரியத்துக்கு வந்திருப்பீங்க" என்றார். தலைமை நர்ஸ் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி என் பக்கம் நகர்த்தினார். இனி அந்த ஹாலுக்குள் நான் வரக் கூடாது என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து கொஞ்சம் பெரிதாக, ஆர்ப்பாட்டமாக இருக்கும். அந்தத் தாளில் அது அசிங்கமாகத் தெரிந்தது.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்ன மன்னிச்சிரும்மா."

"வேலைக்கு வரச் சொல்லிட்டாங்கய்யா, பரவால்ல" என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். "ஆனா ஐயா, இந்த நாலு நாளா நானே தப்பா எண்ணிட்டேனோன்னு நெனச்சிட்டேன். வீட்டுல பைப்பத் தொறந்து வெச்சு சொட்ட எண்ணிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்துச்சு."

அவள் ஹாலுக்குள் போகும்வரை கூப்பிய கையை நான் இறக்கவில்லை.

அடுத்த முறை மகள் அம்மாவை உள்ளே கூட்டிப் போனாள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அந்தப் பெண் சொட்டு எண்ணுவது தெரிந்தது. முன்பு இரண்டு முறை எண்ணியவள், இப்போது மூன்று முறை எண்ணினாள். பக்கத்திலிருந்தவர், "நீங்க உள்ள போகலையா?" என்றார். "அந்த மருந்து வாசன எனக்கு ஒத்துக்காது" என்றேன். என் மனைவி முடித்துவிட்டு வெளியே வரும்போது நான் அதையே இன்னொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, "நான் வேண்டுனது இன்னும் முடியல போலருக்கு" என்று மட்டும் சொன்னாள். அன்று ஆறு மணிக்கு நானும் முன்னறையில் போய் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. சும்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். இவள் அக்கா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

ஆறாவது முறை, அதே பெஞ்ச். என் வயதுடைய ஒருவர் மடியில் துணிப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மனைவிக்கு அன்றுதான் முதல் முறை.

"உங்க வீட்டுக்காரம்மா உள்ள இருக்காங்களா? நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"என்ன உள்ள விட மாட்டாங்க" என்றேன். "மருந்து சீக்கிரம் முடியட்டும்னு நானே வேகத்தக் கூட்டிட்டேன். அவளுக்கு உயிர் போகப் பாத்துச்சு. பழியத் தூக்கி நர்ஸ் மேல போட்டேன்."

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, மடியிலிருந்த பையை எடுத்து பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.