இந்தியாவுக்குப் போகுமுன் மூன்று இரவுகள்

காலை 6.20. வவுனியா பஸ் நிலையத்தில் என் கணவர் முதுகில் பையோடு நிற்கிறார். அந்தப் பை அந்த முதுகில் ஏறுவதற்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். ஆளுக்கொரு முதுகுப் பையோடு இந்தியாவைச் சுற்ற வேண்டும். சென்னையில் இறங்கி, ரயில் மாறி மாறி ஹரித்துவார் வரை போக வேண்டும். நான் புவியியல் படிப்பிக்கிறவள். வரைபடத்தில் கங்கைக்கு நீலம் தீட்டச் சொல்லியே என் பாதி ஆயுள் போய்விட்டது. இவருக்கு வவுனியாவில் தண்ணீர்ப் பம்பும் உழவு இயந்திரமும் திருத்துகிற கடை. இந்தியா என்ற பேச்சை எடுத்தாலே கடையை யார் பார்ப்பது என்பார். பையைத் தோளில் போடச் சொன்னால் முகமே மாறிவிடும். சோம்பேறித்தனம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் விடாப்பிடியாக நின்றேன். தப்ப வழியில்லாமல் போனதும் இவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"முதல் எங்கடை வன்னிக்குள்ளை மூண்டு நாள் பையோடை திரிஞ்சு பாப்பம். மூண்டு இரவும் காசு குடுத்துத்தான் படுக்க வேணும். ஆற்றையேன் வீட்டிலை ஒரு இரவு சும்மா படுத்தாலும் இந்தியாக் கதை அதோடை சரி."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். என் பங்குக்கு, மூன்று நாளும் இருவர் போனும் அணைந்திருக்க வேண்டும் என்றேன். இல்லாவிட்டால் பம்பு பழுது, பெல்ட் அறுந்தது என்று ஊரே இவரை அழைக்கும். அதற்கும் இவர் மறுப்புச் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் வவுனியா நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். இவர் கிளிநொச்சிப் பக்கம், கண்டாவளையில் பிறந்தவர். வன்னியில் பையோடு நடப்பது என்றால் என்னவென்று இவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

கிளிநொச்சி பஸ்சில் ஆளுக்கு முந்நூறு ரூபா. முறிகண்டியில் எல்லா பஸ்சும் நிற்பதுபோல் எங்களதும் நின்றது. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, நூறு ரூபாவுக்குக் கச்சான் கடலை வாங்கினோம். 8.50க்கு இரணைமடுச் சந்தியில் இறங்கினோம். குளம் இரண்டரைக் கட்டை, அதாவது இரண்டரை மைல், என்றார் நடத்துநர். என் கால் அதை ஐந்தாக எண்ணியது.

கால் மணி நேரம்கூட நடந்திருக்க மாட்டோம். எதிரே வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். எங்கள் பைகளைப் பார்த்தார், பிறகு முகங்களைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை, சுற்றிப் பார்க்க வந்தோம் என்றேன். அவர் நம்பவில்லை. சுற்றிப் பார்க்கிறவர்கள் வான் பிடித்து, பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். நடுத்தர வயதில் புருஷனும் பெண்சாதியும் முதுகில் பை சுமந்து வெயிலில் நடந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. எவ்விடம், யாருடைய ஆட்கள் என்று கேட்டார். மூன்றாவது கேள்வியில், இவருடைய அக்காவின் வயலுக்குப் பக்கத்து வயல்காரர் என்று தெரிந்துவிட்டது. இவர் இரக்கம் முழுவதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றார். நானோ பெருமையாக, இன்றைக்குக் கிளிநொச்சி, நாளைக்கு முல்லைத்தீவு, நாளை மறுநாள் அதே வழியால் திரும்பி வருவோம் என்று பயணத் திட்டம் முழுவதையும் ஒப்புவித்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பது மூன்றாம் நாள்தான் விளங்கியது.

குளத்துக்குப் போய்ச் சேருமுன் இன்னும் மூன்று பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஒரு வீட்டம்மா எங்களைப் படலைக்குள் இழுத்து, கதிரை போட்டு, வெறுந்தேநீரும் பனங்கட்டியும் தந்தார். கடனுக்காக வீடு ஏலத்தில் போய்விட்டது என்று அவராகவே முடிவு செய்திருந்தார். "பின் அறை சும்மாதான் கிடக்கு. ஒரு மாதம் எண்டாலும் இருங்கோ" என்றார். சும்மா என்ற சொல் காதில் விழுந்ததும் நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். இவர் ஆறுதலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, அந்த அறைக்குக் காற்று வருமா என்று விசாரித்தார்.

இரணைமடுவைப் பற்றி எழுத வேண்டும். அணைக்கட்டில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். நீர்க்காகங்கள் பட்ட மரங்களில் செட்டையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. இதைவிட விரிவாக எழுதத்தான் ஆசை. ஆனால் வள்ளத்தில் வந்து இறங்கிய மீனவர் ஒருவர், எங்களைக் கண்டதும், இரண்டு பெரிய ஜப்பான் மீனை ஒரு பையில் போட்டு இவர் கையில் திணித்தார். காசு நீட்டினேன். "கஷ்டப்பட்டு வந்திருக்கிறியள், வையுங்கோ" என்று கையைத் தட்டிவிட்டார். அதன் பிறகு குளத்தின் அழகு என் மனதில் நிற்கவில்லை. அன்று மாலை கிளிநொச்சியில் 3500 ரூபாவுக்கு அறை எடுத்தோம். அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள். மீன் இரண்டும் விடுதிப் பூனைக்குப் போயின. அந்தப் பூனை மட்டும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் 7.40க்கு முல்லைத்தீவு பஸ். பரந்தன் தாண்டுமுன்பே பக்கத்துச் சீட்டு அம்மா "என்ன பிள்ளை நடந்தது?" என்று தொடங்கிவிட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. இனி யார் கேட்டாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்வோம் என்றேன்.

முல்லைத்தீவில் நாங்கள் ஏறிய தேநீர்க் கடையை நடத்தியவர் ஒரு முஸ்லிம் பெரியவர். ஊரை விட்டுப் போக நேர்ந்து, எத்தனையோ வருடம் புத்தளத்தில் இருந்து, திரும்பி வந்து கடை போட்டவர். இந்தியாவில் எவ்விடம் என்று கேட்டார். திருச்சி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. புடவை எடுப்பதற்காக வருடம் இரண்டு தடவை திருச்சிக்குப் போய் வந்தவராம். திருச்சியில் எந்தப் பக்கம், மலைக்கோட்டையிலிருந்து எத்தனை தூரம், பஸ் எங்கே பிடிப்பது என்று ஆசையோடு கேட்டுக்கொண்டே போனார். புவியியல் டீச்சருக்குப் பேச்சு அடைத்தது. இவர் ரோல்ஸ் தின்பதில் மும்முரமாக இருந்தார்.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, பொய் சொல்லுற அளவுக்குக் கஷ்டம் எண்டால் நான் ஒண்டும் கேக்க மாட்டன். நாங்களும் மற்றவையின்ரை வீட்டிலை படுத்த ஆக்கள்தான். மேலை அறை இருக்கு, படுங்கோ."

சும்மா படுக்க முடியாது என்றேன். காசு வாங்க முடியாது என்றார். இப்படி ஒரு பேரத்தை நான் அதற்கு முன் பேசியதில்லை. மூவாயிரத்தில் நான் தொடங்கினேன், ஒன்றுமில்லை என்பதில் அவர் தொடங்கினார். அவர் நூறு ரூபாவுக்கு ஏறி வந்ததும் நான் இரண்டாயிரத்துக்கு இறங்கினேன். கடையில் நின்றவர்கள் தேநீரை ஆறவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஐந்நூறு ரூபாவில் முடிந்தது. எனக்கு வாய் நிறையச் சிரிப்பு. இந்தியா இன்னும் ஒரே ஒரு இரவு தூரத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை கடற்கரைக்குப் போனோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மணலில் காலை நீட்டி இருந்து ஒரு மணி நேரம் கடலைப் பார்த்தார். "ரெண்டு நாளா ஆரும் பம்பு ஓடேல்லை எண்டு என்னட்டைச் சொல்லேல்லை" என்றார். சொன்ன விதத்தில் குறை இல்லை. கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பகல் 1.30க்குத் திரும்பும் பஸ். மூன்றாம் இரவுக்குக் கிளிநொச்சியில் அதே விடுதியில் அறை சொல்லி வைத்திருந்தேன். கண்டாவளைக்குத் திரும்பும் சந்தியில் ஒரு பெண் குடையை நீட்டி பஸ்சை மறித்தார். ஏறியவர் சீட்டுக்குச் சீட்டு குனிந்து முகம் பார்த்துக்கொண்டே வந்தார். இவருடைய அக்கா, என் மச்சாள்.

வயல்காரர் முதல் நாளே செய்தி சொல்லிவிட்டிருந்தார். தம்பியும் பெண்சாதியும் வீடு வாசல் போய், பையோடு நடுத்தெருவில் நிற்கிறார்கள். மச்சாள் எங்களுக்கு போன் எடுத்திருக்கிறார். போன் அணைந்து கிடந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அன்று காலை முதல் அந்தச் சந்தியில் நின்று, முல்லைத்தீவிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்சையும் மறித்துப் பார்த்திருக்கிறார். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது.

"வீடு போனால் போகட்டும். ஆக்கள் இருக்கிறியள்தானே. இறங்குங்கோ" என்றார்.

இவர் "அக்கா, அது..." என்று தொடங்கி, நிறுத்தி, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இருந்திருந்தால் நான் இறங்கியிருக்க மாட்டேன். "இறங்குவம்" என்றேன். சந்தியிலிருந்து வீடு வரை மச்சாள் குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குக் கண் கலங்கியது. புழுதி என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் உட்கார்ந்து, நிபந்தனை முதல் பூனை தின்ற மீன் வரை எல்லாவற்றையும் மச்சாளிடம் சொன்னேன். பாதியில் சிரித்தார். முடிவில் சிரிக்கவில்லை. இவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவன் பையைத் தோளிலை போட்டவனோ? மூண்டு நாளும்?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

அப்போதுதான் எனக்குச் சொன்னார். கடைசிச் சண்டையின்போது இந்த வீட்டிலிருந்து வெளிக்கிட்டு எட்டு இடம் மாறியிருக்கிறார்கள். இவரிடம் ஒரு பெரிய பை. ஒவ்வொரு இடத்திலும் அதிலிருந்து ஏதாவது விடுபட்டுப் போனது. முகாம் வாசலுக்கு வந்தபோது பைக்குள் ஒன்றும் இல்லை. வெறும் பையை வேலியோரம் எறிந்துவிட்டு, இனி இந்தத் தோளில் பை ஏறாது என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு சந்தைக்குப் போனாலும் கைப்பைதான். பன்னிரண்டு வருடமாக நான் அதைச் சோம்பேறித்தனம் என்று ஏசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இவர் துவாயால் முகம் துடைத்தபடி உள்ளே வந்ததும், "இஞ்சாருங்கோ, எனக்கு இந்தியா வேண்டாம்" என்றேன்.

இவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இரவுக்கு அறை இருக்கோ? வாடகை எவ்வளவு?"

மச்சாள் தம்பியை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, அலுமாரிக்குள்ளிருந்து ஒரு பழைய கொப்பியையும் பேனையையும் எடுத்து வந்து, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏசியோ, ஃபானோ?"

"ஃபான் போதும்."

"ஆயிரம். காசு முதலே தரவேணும். அடையாள அட்டை எடுங்கோ."

இவர் ஆயிரம் ரூபாத் தாளையும் இரண்டு அடையாள அட்டையையும் கொடுத்தார். கூடப் பிறந்த தம்பியின் பெயரை மச்சாள் அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுதினார். என் பெயரையும் எழுதினார். பேனை நின்றது.

"என்ன அலுவலா வந்தனீங்கள்?"

இவர் சுவரோடு சாய்ந்து கிடந்த பையைப் பார்த்தார்.

"சுத்திப் பாக்க வந்தனாங்கள், அக்கா."

மச்சாள் அதையும் எழுதினார். எழுதி முடிக்க நிறைய நேரம் எடுத்தது. ஆயிரம் ரூபாவைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, காலமைச் சாப்பாடு வாடகைக்குள் சேராது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.