நெருப்பில் காட்டாத பறை

இந்த வருடம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மாமாவின் பறை சரியாகப் பேசவில்லை. நனைந்த சாக்கைத் தடியால் தட்டினால் வருமே, அப்படி ஒரு சத்தம். கோயிலுக்குப் பின்னால் தேயிலைச் சுள்ளிகளைக் கூட்டி நெருப்பு மூட்டியிருந்தார்கள். மற்ற பறைக்காரர்கள் அதைச் சுற்றி நின்று தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் எட்டப் போய், கோயில் சுவரோரமாக, பறையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு நின்றார். உடம்புச் சூட்டில் தோல் காயும் என்று நினைப்பு. கேமரன் மலையில் பனி இறங்கும் மாலை நேரத்தில், எண்பது வயது உடம்பில் மிச்சமிருக்கும் சூடு ஒரு கோப்பைத் தேநீருக்குக்கூடக் காணாது.

“கெழவருக்கு நெருப்பக் கண்டா பயம் வந்துருச்சு லா” என்று ஒருவன் சிரித்தான். அவனுக்கு ஒன்று வைக்கலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் எந்தத் தோட்டத்தில் திருவிழா என்றாலும், பறை காய்ச்ச என் தாய்மாமாவைத்தான் தேடி வருவார்கள். கையில் பிடித்துப் பார்த்தே எவ்வளவு சூடு வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவர் ஏன் நெருப்பை விட்டு விலகி நிற்கிறார் என்பது அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவர், குடையை மடித்துக் கையில் பிடித்தபடி பெண்கள் பக்கம் நின்றிருந்த ஜப்பான்காரம்மா.

அந்த அம்மாவை மற்ற ஜப்பானியர்கள் ‘சென்செய்’ என்று அழைப்பார்கள். ஆசிரியர் என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பிரிஞ்சாங்குக்குக் கீழே ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவரோடு குடியிருந்தார். இந்த மலைக் குளிர் பிடித்துப்போய், ஓய்வுக் காலத்தைக் கழிக்க இங்கே வந்து தங்கும் ஜப்பானியர்கள் சிலர் உண்டு. அவர்கள் காட்டுப் பாதைகளில் நடப்பார்கள், கியா பார்முக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவார்கள். சென்செய் வீட்டில் வேலையே வேறு. அவர் ஷமிசென் வாசிப்பார், கணவர் பாடுவார். இரண்டு பேரும் தங்கள் ஊரில் மேடை ஏறியவர்கள். கடலோர மீனவர்களின் நாட்டுப் பாடல்கள்தான் அவர்களுக்குப் பிழைப்பு. ஷமிசென் என்பது மூன்று தந்தி வாத்தியம். நீண்ட கழுத்து, சதுரமான உடம்பு. அந்த உடம்பின் முன்னும் பின்னும் தோல் போர்த்தியிருக்கும். தந்தியை விரலால் மீட்டுவதில்லை. தோசை திருப்பி அளவுக்கு ஒரு மட்டையால் அடிப்பார்கள். மட்டை தந்தியிலும் விழும், தோலிலும் விழும். முதன்முதலில் கேட்டபோது இது வீணையா, பறையா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

நான் அந்த வீட்டுக்குப் போனது பாட்டுக் கேட்க அல்ல. அரசாங்க மருத்துவமனையில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றபின், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதை வேலையாக வைத்துக்கொண்டிருந்தேன். சென்செயின் கணவருக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவரை நான் ஐயா என்றுதான் குறிப்பிடுவேன். காலையில் குளிப்பாட்டி, புண் வராமல் புரட்டிப் போட்டு, செயலிழந்த கையை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பேன். தண்ணீர் வேண்டும் என்றாலும் கேட்கத் தெரியாது அவருக்கு. வாய் கோணி ஒரு சத்தம் வரும், அது புரியாமல் நாங்கள் விழிப்போம், அவர் கண்ணில் நீர் கட்டும்.

ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சென்செய் கட்டிலருகில் மண்டியிட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் வேகமாக ஓடிய மட்டை ஓரிடத்தில் சட்டென்று நின்று வழி விட்டது. அந்த இடத்தில் ஐயா பாடினார். வார்த்தை வார்த்தையாக, பிசிறில்லாமல், இரண்டு வரி. என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. பேச்சை இழந்தவர்களுக்குப் பாட்டு மிஞ்சுவது உண்டு என்று படித்திருக்கிறேன், கண்ணால் கண்டது அன்றுதான். அந்த இரண்டு வரிக்குள்தான் அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். பாடி முடித்ததும் ஐயா முகம் தெளிந்துவிடும், ஒரு வாய் கஞ்சி கூடுதலாக இறங்கும். வாத்தியம் இல்லாமல் சென்செய் வெறும் வாயால் எடுத்துக் கொடுத்தால் அவருக்கு வராது. அந்தத் தோல் அதிரவேண்டும்.

மழைக்காலம் வந்தது. இங்கே மழைக்காலம் என்றால் சுவர் வியர்க்கும், அலமாரியில் வைத்த செருப்பில் பூசணம் பூக்கும். ஷமிசெனின் தோல் ஈரம் குடித்துச் சத்தம் மங்கிவிட்டது. சென்செய் வாசிப்பார், நிறுத்தி வழி விடுவார். ஐயா வாயைப் பாதி திறந்தபடி காத்திருப்பார். ஒன்றும் வராது. ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பெட்டியில் அடைத்தார், துணி சுற்றினார், அறைக்குள் சூடேற்றும் கருவியை வாங்கி வைத்தார். சரியாகவில்லை. ஜப்பானுக்கு அனுப்பிப் புதுத் தோல் போடலாம், மாதக்கணக்கில் ஆகும். “அதை அனுப்பிவிட்டால் அதுவரைக்கும் இவர் எங்கே போவார்?” என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் என்னிடம் கேட்டார்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொல்வேன். மாமாவுக்கு ஜப்பான் என்ற பேச்சே ஆகாது. யுத்தக் காலத்தில், அவர் வயிற்றில் இருந்தபோதே, அவருடைய அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போனவர் திரும்பவில்லை. தகப்பன் முகம் பாராத பிள்ளை அவர். “ஒனக்கு அவுங்க வீட்டு வேலதான் கெடச்சுச்சா புள்ள?” என்று தொடக்கத்தில் இரண்டு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் பாட்டுச் சமாச்சாரம் கேட்ட நாளிலிருந்து, நான் படியேறும்போதே வேறு எதையோ பார்த்துக்கொண்டு, “இன்னிக்கு வாயத் தொறந்தாரா அவரு?” என்று கேட்க ஆரம்பித்தார். சத்தம் மங்கிவிட்டது என்று சொன்ன அன்று தன் பறையை எடுத்து மடியில் வைத்துத் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “தோலு ஈரம் குடிச்சிருச்சு, வேறென்ன. நான் வந்து பாக்கறேன்” என்றார்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டு, கொல்லையில் பிடுங்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஒரு பையில் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். வாசலில் சென்செய் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். மாமா என்ன செய்வதென்று தெரியாமல் கிழங்குப் பையோடு கைகூப்பினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சென்செய் ஷமிசெனை அவர் மடியில் வைத்தார். மாமா நகத்தால் தோலைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். “செம ஈரம் லா” என்றார். அந்த நேரம் பார்த்து உள்ளே ஐயா படுக்கையை நனைத்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். மாமா சமையலறை நாற்காலியில் வாத்தியத்தோடு தனியாக இருந்தார்.

நனைந்த தோலைக் கண்டால் மாமாவின் கை யாரையும் கேட்காது. அறுபது வருடமாக அது அறிந்த வைத்தியம் ஒன்றுதான். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, தீயைச் சின்னதாக்கி, பறையைப் பிடிப்பதுபோலவே திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறார். பறைத் தோல் கொஞ்சம் தளர்வாய்க் கட்டியது, சூடு பட்டால் இறுகிக் கணீரென்று ஆகும். ஷமிசென் தோலோ முதலிலேயே கிழியும் எல்லைவரை இழுத்து அரிசிப் பசையால் ஒட்டியது. அதற்கு மேல் இறுக அதில் இடமே கிடையாது. இதைச் சென்செய் எனக்கு விளக்கியது பிற்பாடு. அன்று எங்களுக்குக் கேட்டது ‘பட்’டென்று ஒரு சத்தம்தான்.

அந்தச் சத்தத்துக்கு ஐயா தலையைத் திருப்பினார். மட்டையின் முதல் அடி விழுந்துவிட்டது என்று நினைத்திருக்கவேண்டும். வாயைத் திறந்தார். மூச்சை இழுத்துக்கொண்டு, தன் முறை வருவதற்காகக் காத்திருந்தார். சென்செயும் நானும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

சமையலறையில் மாமா வாத்தியத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். முன்பக்கத் தோல் குறுக்கே கிழிந்து இரண்டு பக்கமும் சுருண்டிருந்தது. “காய்ச்சத்தான்மா செஞ்சேன்... காய்ச்சத்தான் செஞ்சேன்” என்று தமிழிலேயே அந்த அம்மாவிடம் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று வேறு எங்காவது நடந்திருந்தால் சிரித்திருப்போம். சென்செய் எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தார். வாத்தியத்தை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு மாமாவின் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். சுட்டிருந்தது. குழாயைத் திறந்து அந்த விரல்களைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது மாமா தேயிலைச் சரிவில் உட்கார்ந்துவிட்டார். “அந்தம்மா என்னை வஞ்சிருக்கலாம்ல புள்ள. ரெண்டு போட்டிருந்தாக்கூடத் தேவல. எங்கப்பனக் கொண்டுபோனவங்கன்னு இத்தன வருசமா நெஞ்சுல வச்சிருந்தேன். இப்ப நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு அவங்க மேல கோவப்படுறது?” என்றார்.

புதுத் தோல் போட, ஊருக்குப் போகும் ஒரு ஜப்பானியர் கையில் ஷமிசெனைக் கொடுத்து அனுப்பினார் சென்செய். அதன்பிறகு காத்திருப்புத்தான். சென்செய் பழைய பதிவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினார். ஐயா கைப்பேசியைப் பார்க்கவில்லை, மனைவியின் வெறும் மடியைப் பார்த்தார். மாமா வாரந்தோறும் வந்தார். ஒருமுறை பறையைக் கொண்டுவந்து, அனுமதி கேட்டு, விரலால் மெல்லத் தட்டினார். ஐயா விருந்தாளி வாசிப்பைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. மாமா பறையை உறையில் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். என் கைவசம் இருந்ததெல்லாம் மருந்தும் பயிற்சியும் துடைக்கும் துணியும். அவை எதற்கும் அந்த இரண்டு வரியைக் கொண்டுவரத் தெரியவில்லை.

ஐயாவுக்குச் சளி நெஞ்சில் கட்டியது. மருத்துவமனையில் சேர்த்தோம். எல்லாரும் நன்றாகத்தான் பார்த்தார்கள், வயதும் நோயும் விடவில்லை. ஒரு விடியலில் போய்விட்டார். தகனத்துக்கு மாமாவும் வந்தார். எங்கள் பக்கத்தில் சாவுக்குப் பறை அடிக்காமல் அனுப்புவதில்லை. பறையை எடுத்துவரட்டுமா என்று என்னிடம் கேட்டார், நான் சென்செயைப் பார்த்தேன், பிறகு கேட்கத் துணியவில்லை. சடங்கு முடியும்வரை மாமா வெளியே மழையில் நின்றார்.

ஷமிசென் அதன் பிறகு வந்து சேர்ந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. சென்செய் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கு நடந்தே வந்தார். மாமாவின் முன்னால் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து அதே பாட்டை வாசித்தார். புதுத் தோல் கணீரென்று பேசியது. ஐயா பாடும் இடம் வந்ததும் மட்டை நின்றது. அவர் மாற்றி வாசிக்கவில்லை, நிரப்பவும் இல்லை. இரண்டு வரி நேரம் அப்படியே இருந்துவிட்டு மறுபடி தொடர்ந்தார். கூரையில் மழை பெய்யும் சத்தம்தான் அந்த இடத்தில் கேட்டது. அவர் போனபின் மாமா, “அந்த எடம் வந்ததும் அந்தம்மா நிறுத்துது. என்னா செய்யறதுன்னு தெரியல புள்ள” என்றார். அன்றிலிருந்து மாமா எந்தத் தோலையும் நெருப்பில் காட்டுவதில்லை.

திருவிழாவுக்கு வருகிறேன் என்று சென்செய் தானாகத்தான் சொன்னார். ‘பொத்’தென்று ஒலித்த பறையையும் ஆளாளுக்குச் செய்த கேலியையும் நின்று பார்த்தார். பேச்சு புரியாவிட்டாலும் சிரிப்பு புரியுமே. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மாமாவிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினார். மாமா பறையைக் கொடுத்தார். நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். சென்செய் முதலில் எட்டப் பிடித்தார், பிறகு கொஞ்சம் கிட்டே, திருப்பித் திருப்பி. நடுநடுவே நகத்தால் தட்டிக் காதைச் சாய்த்தார். “கிட்ட வேணாம்மா, கிட்ட வேணாம்” என்று மாமா சுவரோரத்திலிருந்து முனகிக்கொண்டே இருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. தோல் இறுகியது. சென்செய் பறையைத் திருப்பிக் கொண்டுவந்து, குனிந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். மாமா ஒரு விரலால் தட்டினார். கணீரென்றது. கேலி செய்தவன்கூடக் கைதட்டினான். சாமி புறப்படும் நேரம், மற்ற பறைகள் தொடங்கிவிட்டன.

“அடிங்க மாமா” என்றேன்.

மாமா குச்சியைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

“நானும் நெருப்புல இப்படித்தானே புள்ள புடிச்சேன்” என்றார்.

விழுந்த கைகளை மடக்கி நீட்டி எழுப்புவதுதான் இத்தனை வருடமாக என் வேலை. மாமாவின் கையைப் பிடித்தேன். சூடாக, நல்ல பலத்தோடுதான் இருந்தது. அதை எப்படி இறக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.