பாரம் இறங்கினால் உருகும்

அறிவியல் காட்சிக்கூடத்தில் பூமி அறைக்கு வழிகாட்டியாக இருந்தவரை எல்லாரும் எரிமலை என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. அறையின் நடுவில் பாதியாக வெட்டிய பூமி ஒன்று ஆளுயரத்துக்கு நிற்கும். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே முழுக்கச் சிவப்பு பல்புகள். அறை விளக்கை அணைத்து, பல்புகளைப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். "உங்க காலுக்குக் கீழ என்ன இருக்கு தெரியுமா? கடல்! நெருப்புக் கடல்!" குழந்தைகள் அலறும். பெரியவர்கள்கூடக் காலை மாற்றி வைத்துக்கொள்வார்கள். அந்த அலறலைக் கேட்காவிட்டால் மனுஷனுக்கு அன்று சாப்பாடு இறங்காது.

அதில் மண் விழுந்தது, புதுக் காப்பாட்சியர் வந்த பிறகு. அந்தப் பெண் பேச்சு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, கீழ கடலே இல்லையே."

"பின்ன என்னம்மா இருக்கு?"

"மூவாயிரம் கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் பாறைதான். பயங்கரச் சூடு, ஆனா கெட்டிப் பாறை. நகம் வளர்ற வேகத்துல நகர்ந்துக்கிட்டே இருக்கும். அங்கங்க கொஞ்சம் உருகும், அவ்வளவுதான்."

பல்புகளில் முக்கால்வாசியைக் கழற்றச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. சனிக்கிழமை பார்வையாளர்கள் முன்னால் புதுப் பேச்சைச் சரியாகப் பேசிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பைகளை வாங்கி வைக்கும் கவுண்டருக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டார். பைக் கவுண்டரில் மொத்த வசனமே "டோக்கன் பத்திரம்" என்பதுதான். பேசவே பிறந்தவரை அங்கே உட்கார வைப்பது வாயைத் தைத்துவிடுவதற்குச் சமம்.

எரிமலை வீட்டுக்கு வந்து புலம்பினார். அவருடைய அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "சட்டைக்கு இஸ்திரி போட இவ்வளவு நேரமா?" என்று மருமகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் அவள் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"இதைக் கேளு. உருகுறதுக்கு வெறும் சூடு போதாதாம். மேல இருக்கிற பாரம் அமுக்குறதாலதான் பாறை உருகாம இருக்காம். மெதுவா மேல ஏறி, பாரம் குறைஞ்சாத்தான் உருகுமாம். எந்த ஊர் நியாயம் இது? அமுக்கினாத்தானே வெடிக்கும்? அமுக்காம விட்டா எதுக்கு உருகணும்?"

"எனக்கென்னங்க தெரியும்" என்றாள் மனைவி. இஸ்திரிப் பெட்டி மட்டும் ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

புதன்கிழமை அம்மா இளைய மகன் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். இனி வீடு அமைதியாக இருக்கும், நிம்மதியாக மனப்பாடம் பண்ணலாம் என்று எரிமலை கணக்குப் போட்டார். மாலையில் காகிதமும் கையுமாக உட்கார்ந்து, "தண்ணி கொண்டா" என்றார். தண்ணீர்க் குடம் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மனைவி டம்ளரை ணங்கென்று வைத்தாள். "கை இருக்குல்ல உங்களுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கல்யாணமான நாள்லேருந்து எனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா? கண்ணாடிக் கடைக்காரர் வேலைக்கு வரச் சொல்லி மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கார். போன தடவை அத்தை வேணாம்னாங்க, நீங்க விட்டத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. இந்தத் தடவை நான் போகத்தான் போறேன். சனிக்கிழமை சேரணும். என்ன சொல்றீங்க?"

எரிமலையின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அம்மா இருந்தவரை கல். அம்மா படி இறங்கியதும் நெருப்புக் குழம்பு! நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "அதேதான்! சபாஷ்! இப்பத்தான் எனக்கு வழி பிறந்துச்சு!" என்று கத்திக்கொண்டே பேனா தேடி உள்ளே ஓடினார். அவர் துள்ளியதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை பூமி அறையில் நல்ல கூட்டம். எரிமலை பிளந்து கட்டினார். "எங்க வீட்டுல அம்மா இருக்கிற வரைக்கும் என் சம்சாரம் கெட்டிப் பாறைங்க. உள்ள எவ்வளவு சூடுன்னு எனக்கே தெரியாது. அம்மா ஊருக்குப் போனாங்க, பாரம் குறைஞ்சுது, உருகிடுச்சு! பூமியும் அப்படித்தான். முழுசா உருகாது, துகளுக்கும் துகளுக்கும் நடுவுல கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். கசிஞ்சது ஒண்ணு சேரும். சுத்தி இருக்கிற பாறையைவிட லேசுங்கிறதால இடுக்குல புகுந்து மேல ஏறும். ஆனா ஏறுறதெல்லாம் வெளிய வந்துடாது. முக்காவாசி பாதி வழியிலேயே நின்னு, ஆறி, மறுபடியும் கல்லாயிடும். மேல நடக்கிற நமக்குத் தெரியவே தெரியாது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காப்பாட்சியரும் சிரித்தார். "தேறிட்டீங்க, அறை உங்களுக்குத்தான்" என்றவர் போகிற போக்கில், "ஆமா, அன்னைக்கு உங்க வீட்டம்மா அப்படி என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டார்.

எரிமலை வாயைத் திறந்தார். டம்ளர் வைத்த சத்தம் ஞாபகம் இருந்தது. ஏதோ ஒரு கடை. அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பேச்சுக்கு அவருக்குப் பஞ்சம் வந்தது அதுதான் முதல் தடவை. கூட்டம் அதையும் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது.

வழியெல்லாம் மனசு அரித்துக்கொண்டே வந்தது. போனதும் முதல் வேலையாக அவளை உட்கார வைத்துக் கேட்டுவிட வேண்டும். மாடிப்படி ஏறி வந்தால் கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா சாவியை நீட்டினார்.

"எங்க போயிருக்கா?"

"என்ன தம்பி, தெரியாத மாதிரி கேக்குறீங்க? கண்ணாடிக் கடையில இன்னைக்குத்தானே சேர்ந்திருக்கா. உங்ககிட்ட சொன்னதும் நீங்க சந்தோஷத்துல குதிச்சீங்களாமே! அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறா. எங்க வீட்டுக்காரரும் இருக்காரே, ம்ஹூம். நெசமாவே குதிச்சீங்களா?"

எரிமலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகினார்.

"ஆமாக்கா, குதிச்சேன்" என்றார்.