சிவப்புப் பொட்டு வைத்த திருகாணிகள்

மைக்ராஸ்கோப்புக்கு நெய் போட்டவன் நான். யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு மைக்ராஸ்கோப்பின் குமிழ் திருகவே வரவில்லை. உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து கோந்தாகியிருந்தது. அதற்கென்று இருக்கும் கிரீஸ் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரம் சும்மா இருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. சமையலறையில் நெய் இருந்தது. அன்று மாலை குமிழ் அருமையாகச் சுழன்றது. மூன்றாம் நாள் எறும்புகள் வந்தன. அடியில் தொடங்கி, கழுத்து வழியாக ஏறி, மேலே கண் வைக்கும் இடத்திலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. எறும்பைப் பார்ப்பதற்காக மைக்ராஸ்கோப் வாங்கியவனை எறும்பு மைக்ராஸ்கோப்புக்குள்ளிருந்து பார்த்தது.

என் மனைவி அந்த எறும்பைப் பார்த்தாள். நெய் டப்பாவை எனக்கு எட்டாத தட்டில் வைத்தாள். பிறகு படுக்கையறைக்குப் போய், தன் மைக்ராஸ்கோப் இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அப்போது எட்டு மைக்ராஸ்கோப் இருந்தன. ஏழு என்னுடையவை. அவற்றை ஏழு என்று கணக்குச் சொல்வதே கொஞ்சம் பெருமைதான். ஒன்றுக்குக் கண்ணாடி இருந்தால் தட்டு இருக்காது, தட்டு இருந்தால் குமிழ் இருக்காது. எட்டாவது அவளுடையது. இரண்டு கண்ணாலும் பார்க்கும் இரட்டைக் குழாய்க்காரன். கறுப்புப் பூச்சு கை பட்ட இடங்களில் மட்டும் தேய்ந்து பித்தளை தெரியும்.

பினாங்கில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருந்த கிளினிக்கில் அவள் இருபத்தாறு வருஷம் ரத்தம் பரிசோதித்தாள். நான் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அரை நாள் வேலை. மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி, கடல் காற்றில் தலையெல்லாம் கோழிக்கூடு மாதிரி ஆகி, அந்த மாடிப்படியில் போய் நிற்பேன். அவளுக்கு இன்னும் நாலைந்து சிலைடு பாக்கி இருக்கும். தலையைத் தூக்காமலே, “வந்தாச்சா? சத்தம் போடாம உக்காருங்க,” என்பாள். நான் சத்தமே போட்டிருக்க மாட்டேன், மூச்சுதான் விட்டிருப்பேன்.

வேலை முடிந்ததும் ஒரு நிமிஷம் பார்க்க விடுவாள். அந்த மைக்ராஸ்கோப்புக்குத் தனியாக விளக்கு கிடையாது. அடியில் ஒரு சின்னக் கண்ணாடி. அதை ஜன்னல் பக்கம் திருப்பி வானத்து வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். கண்ணை வைத்தால் இளஞ்சிவப்பில் வட்டம் வட்டமாக யாரோ ஒருவருடைய ரத்தம். நடுநடுவே ஊதா நிறத்தில் பெரிய மனிதர்கள் போல ஒன்றிரண்டு. வெளியே ஒரு மேகம் போனால் உள்ளே ரத்தம் இருண்டுவிடும்; மேகம் விலகினால் மறுபடி சிவக்கும். ஜார்ஜ்டவுனின் வானம் யாரோ ஒருவர் ரத்தத்துக்குள் போய்வருவதை நான் அப்படித்தான் பார்த்தேன். “போதும், பசிக்குது,” என்று அவள் பையை எடுப்பாள். வழியில் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் கட்டிக்கொண்டு, அவள் பின்னால் உட்கார்ந்து வருவாள். அவள் விரல்களில் ஸ்பிரிட் வாசனை இருக்கும். இன்றைக்கும் ஊசி போடுமுன் கையில் பஞ்சு தேய்த்தால் எனக்கு முதலில் பசிதான் எடுக்கிறது.

என் பைத்தியம் தொடங்கியது அந்தப் படிக்கட்டில்தான். கிளினிக்கை மூடியபோது டாக்டர் அந்த மைக்ராஸ்கோப்பையும் ஒரு மரப்பெட்டி சிலைடுகளையும் அவளுக்கே கொடுத்துவிட்டார். பெட்டியில் முதல் சிலைடு, வேலைக்குச் சேர்ந்த வாரம் அவளே விரலைக் குத்தி எடுத்த அவளுடைய ரத்தம். இரண்டாவது என்னுடையது. அதை எடுக்கும்போது நான் மயங்கி விழுந்ததாக அவள் எல்லோரிடமும் சொல்வாள். விழவில்லை. சாய்ந்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு நான் முழுநேரமாக இறங்கினேன். சைக்கிள் விளக்கைப் பிரித்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். இருபது காசு நாணயம் ஒன்றை ஒட்டிய கண்ணாடித் துண்டை விளக்குக்கு மேலே வைத்தால், நடு வெளிச்சம் மறைந்து, சாக்கடைத் தண்ணீரில் உள்ளதெல்லாம் கறுப்பு வானத்தில் நட்சத்திரம் மாதிரி மின்னும். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால், மருந்துப் புட்டியிலும் காலணிப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தெரிந்தவர் வீட்டிலெல்லாம் கேட்டு வாங்கினேன். ஈரமானவற்றை அவளுடைய குவாலிச் சட்டியில் போட்டு வறுத்தேன். ஒரு தடவைதான். “அடுத்த தடவ உங்கள வறுப்பேன் லா,” என்றாள்.

அவள் தன் மைக்ராஸ்கோப்பைத் தொட்டு அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. கண்ணில் புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவள் அசையவில்லை. அவளுடைய பெரியக்காவுக்கு இதே ஆபரேஷனில் ஒரு கண் போய்விட்டது. “இருக்கிற மங்கலாவது இருக்கட்டும்,” என்பாள். நாலு வருஷம் நச்சரித்தேன். “நான் ஜாமீன், ஒண்ணும் ஆகாது,” என்றேன், ஏதோ என் கையால் செய்யப்போகிற மாதிரி. கடைசியில் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு ஒப்புக்கொண்டாள். முதலில் மோசமான இடது கண். “கண்ணு சரியானா மொதல்ல என் சிலைடத்தான் பாப்பேன்,” என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் சமையலைச் சாப்பிட்டால் கண் ஆறாது என்று சொல்லி அவள் தங்கை அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். இரண்டாம் நாள் போன். “அலமாரியில மருந்து சீட்டு இருக்கு, எடுத்துட்டு வாங்க. சாவிய தங்கச்சி மகன்கிட்ட குடுத்து விடுறேன். வேற எதையும் தொடாதீங்க.”

சீட்டை எடுத்தேன். மைக்ராஸ்கோப் பக்கத்திலேயே இருந்தது. சும்மா டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே, வெளிச்சத்தை இரண்டு குழாய்க்கும் பிரித்து அனுப்பும் கண்ணாடிப் பட்டகத்தின் ஓரத்தில், சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. பார்வைக்கு அது இடைஞ்சலே இல்லாத மூலை. ஆனால் என் மனம் எங்கோ போய்விட்டது. புதுக் கண்ணோடு வருகிறவளுக்குப் புதுசு மாதிரி ஒரு மைக்ராஸ்கோப்! அவள் முகம் எப்படி மலரும் என்றெல்லாம் பார்த்துவிட்டேன்.

பட்டகங்களைப் பிடித்திருந்த சின்னத் திருகாணிகளின் தலையில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தது. இதை எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது. பிறையில் மெஷின்களுக்கு அதே சிவப்புப் பொட்டை வைத்தவன் நான். அளந்து வைத்தாயிற்று, இனி எவனும் திருகாதே என்று அர்த்தம். அதைத் தொட்ட பையன்களை மேடை போட்டுத் திட்டியிருக்கிறேன். அன்று அந்தப் பெயின்ட்டை நானே ஊசியால் சுரண்டி எடுத்தேன்.

துடைத்தேன், திருப்பி மாட்டினேன். சோதித்தும் பார்த்தேன். என்னுடைய ஏழும் ஒற்றைக் குழாய் என்பதால் எனக்கு ஒரு கண்ணை மூடிப் பார்த்துத்தான் பழக்கம். இடது குழாய், பளிச். வலது குழாய், பளிச். இரண்டு கண்ணையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பூட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டே மருந்துச் சீட்டோடு ஃபெரிக்குப் போனேன்.

அவள் வீடு வந்து சில நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை மைக்ராஸ்கோப்பை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். கண்ணாடியை வானத்துக்குத் திருப்பினாள். பெட்டியிலிருந்து முதல் சிலைடு. நான் எதிரே காப்பியோடு உட்கார்ந்து, பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். தலையை எடுத்தாள். கண்ணை ஒற்றிக்கொண்டு மறுபடி வைத்தாள்.

“ரெண்டா தெரியுது,” என்றாள்.

“எது?”

“எல்லாமே. ஒண்ணு மேல ஏறி, இன்னொண்ணு கீழ. தல பூசிங்கா இருக்கு, சுத்துது.”

அந்த நொடியில் எனக்குச் சிவப்புப் பொட்டு ஞாபகம் வந்துவிட்டது. வாய் மட்டும் வேறு வேலை பார்த்தது. “மைக்ராஸ்கோப்பு பழசாச்சில்ல...” என்று இழுத்தேன்.

“அதச் சொல்லாதீங்க. இருபத்தாறு வருஷத்துல அது ஒரு தடவ பொய் சொன்னதில்ல.” குரல் இறங்கிவிட்டது. “ரெண்டு ரெண்டா தெரிஞ்சா ஒடனே வரணும்னு டாக்டரு சொன்னாரு. அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு.”

கண் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். உள்ளே போய்ச் சேலை மாற்றினாள். விபூதி பூசும் சத்தம் கூடக் கேட்டது போல இருந்தது. வீடு அவ்வளவு அமைதி. நான் அதே நாற்காலியில், ஆறிப்போன காப்பியோடு. ஆஸ்பத்திரிக்குப் போனால் கண் நன்றாக இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், இடையில் நான் திருகாணியைச் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. இதையும் யோசித்தேன். மறைப்பானேன்.

“காரு அஞ்சு நிமிஷத்துல வருது,” என்று அவள் செருப்பை மாட்டினாள். வார் நுழையாமல் மூன்று தடவை நழுவியது. அதைப் பார்த்த பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“ஒரு விஷயம் சொல்லணும்.”

“போற வழியில சொல்லுங்க.”

“இல்ல, கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் அதக் கழட்டினேன்.”

ஒரு காலில் செருப்போடு நின்றாள். “எத?”

“தலைய. மைக்ராஸ்கோப்பு தலைய. நீ தங்கச்சி வீட்டுல இருந்தப்ப.”

“செவப்பு பொட்டு இருந்திச்சே?”

“இருந்திச்சு.”

“இப்ப?”

“இல்ல.”

அவள் திரும்பிச் சுவரில் இருந்த நாள்காட்டியிடம் போனாள். ராகுகாலம் போட்டிருக்கும் பொடி எழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள், இரண்டையும் திறந்து பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கார கேன்சல் பண்ணுங்க.”

பண்ணினேன்.

“அர மணி நேரம்,” என்றாள். “அர மணி நேரம் எங்கண்ணு போச்சின்னு நெனச்சிக்கிட்டு சேல கட்டுனேன். நீங்க காப்பி குடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்க.”

குடிக்கவில்லை, ஆறிவிட்டது என்று சொல்லலாம்தான். மன்னிப்புக் கேட்டேன். அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

கோலாலம்பூரில் பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார், அனுப்பிவிடுவோம் என்றேன். மதியம் வரை யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். “நாள்காட்டியில ஒண்ணாத்தான் தெரியுது. ஆனா மைக்ராஸ்கோப்புல ஒண்ணா தெரியுற வரைக்கும் எனக்கு மனசு ஆறாது. அனுப்பிட்டு ஒரு மாசம் இந்தப் பயத்தோட இருக்க முடியாது. நான் பாக்குறேன், நீங்க திருகுங்க.”

மறுநாள் காலை தொடங்கினோம். அவள் கண்ணை வைப்பாள். நான் பக்கத்தில் முட்டிபோட்டு, கடிகாரக்காரர்கள் வைத்திருக்கும் பொடித் திருப்புளியால் அவள் சொல்கிற திருகாணியை அவள் சொல்கிற அளவு.

“மேல. இன்னும். இன்னும்... அய்யோ, எங்க போறீங்க!”

“நீதான மேலன்னு சொன்ன?”

“மேலன்னா பினாங்கு மலைக்கா?”

ஒன்றைத் திருகினால் இன்னொன்று நகரும். மேலே கீழே சரியானால் பக்கவாட்டில் விலகும். கண்ணில் சொட்டு மருந்து விடும் நேரமெல்லாம் இடைவேளை. முதல் நாள் முடிவில் நேற்றைவிட மோசம். இரவுச் சாப்பாட்டின்போது அவள் தட்டை விட்டு எழுந்து நாள்காட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் நாள் ஓர் ஊதா அணுவை அடையாளமாக வைத்துக்கொண்டோம். அவளுடைய பழைய தொழில் குரல் திரும்பியிருந்தது. நான் மூச்சு விட்டால் கூட, “ஆட்டாதீங்க,” என்றாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு இஷ்டமாக இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. ஜன்னல், வானம், குனிந்த அவள் பின்கழுத்து. மாடிப்படியும் மீ கோரெங்கும்தான் இல்லை.

மூன்றாம் நாள் காலை வானம் தெளிவாக இருந்தது. “கால் சுத்து,” என்றாள். திருப்பினேன். “அதுல பாதி.” திருப்பினேன். “இன்னும் ஒரு முடி.” மயிரிழை அளவு ஒரு திருகாணியை எப்படித் திருப்புவது என்று பிறைத் தொழிற்சாலை எனக்குச் சொல்லித்தரவில்லை. திருப்ப வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

ஒரு மேகம் வந்து போகும் நேரம் அவள் கண்ணை எடுக்கவில்லை. தோள் மட்டும் மெல்ல இறங்கியது. திருப்புளி இன்னும் என் கையில் திருகாணி மேல்தான் இருந்தது. முட்டி வலித்தது, அசையப் பயம்.

“ரெண்டா, ஒண்ணா?” என்றேன்.

“ஒண்ணு. கைய எடுங்க.”