இரண்டு சுழி ன

துபாயில் பதினோரு வருடம் உழைத்துவிட்டு வந்த என் சித்தப்பா, கும்பகோணத்தில் மூன்று மாடிக்கு ஒரு லாட்ஜ் கட்டினார். அதற்கு முன் எங்கள் குடும்பம் கட்டியதில் பெரியது ஊரில் இருந்த மாட்டுக்கொட்டகைதான். ஆகவே லாட்ஜுக்கு வைக்கப்போகும் பெயரைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு மாதம் பேச்சு நடந்தது. கடைசியில் ஆற்றுக்கும் நெல்லுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ‘பொன்னி விடுதி’ என்று முடிவானது.

வரைபடம் போட்டது என் அத்தை, சித்தப்பாவுக்கு அக்கா. ஒரு இன்ஜினியர் ஆபீஸில் பிளான் வரையும் வேலை அவளுக்கு. வெளிநாட்டுப் பணத்தில் அந்த வருடங்களில் எங்கள் பக்கம் எழும்பிய வீடுகளில் பலவும் அவள் பென்சிலில் பிறந்தவை. கையெழுத்து மட்டும் இன்ஜினியருடையது. இந்தக் கட்டடத்தின் முகப்பில் பெயரையும் தானே வரைவதாக அவள் சொன்னபோது சித்தப்பா தயங்கினார். அவர் மனதில் ஏற்கெனவே துபாய் எழுத்து இருந்தது.

“அங்கெல்லாம் எழுத்து மெலிசா, நீட்டா இருக்கும்க்கா. பார்க்கவே ஒரு பணக்காரக் களை.”

“அங்க ரோடு எவ்வளவு அகலம்? நம்ம சந்து எவ்வளவு அகலம்?” என்றாள் அத்தை.

லாட்ஜ் இருந்தது சந்துக்குள். டவுன் பஸ் நிற்பது சந்தின் முனையில். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் பெயரைப் படிக்க வேண்டும். கிட்டே வந்துவிட்டாலோ கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பெயர் தெரியாவிட்டால், வேளாங்கண்ணிக்கும் திருவிடைமருதூருக்கும் போகிற வழியில் தங்க வருகிற ஜனம் மெயின் ரோட்டு லாட்ஜுகளிலேயே பெட்டியை இறக்கிவிடும். பதினோரு வருட உழைப்பு சந்துக்குள் காலியாகக் கிடக்கும். அத்தைக்கு அந்தக் கவலை.

அவள் தெர்மாகோலில் ஒவ்வொரு எழுத்தையும் ஆள் உயரத்துக்கு வெட்டினாள். தரையில் பரப்பி வைத்தபோது அவை விகாரமாக இருந்தன. மேல்பாதி பெருத்து, கீழ்ப்பாதி சிறுத்து, சுழிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு.

“ஒட்டகம் மாதிரி இருக்கு” என்றார் சித்தப்பா.

“கீழ படுத்திருக்கிற எழுத்தை யாரும் படிக்கப்போறதில்ல. மேல ஏறட்டும், பாரு.”

ஒரு சனிக்கிழமை காலை, சாரத்தின் மேல் நின்ற கொத்தனார் ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கிப் பிடித்தார். எது வரும் என்று அத்தை சொல்லவில்லை. இரண்டு சுழி ‘ன’வும், சோதனைக்கென்றே அவள் வெட்டிவைத்த மூன்று சுழி ‘ண’வும் மாறி மாறி வந்தன. பஸ் நிற்கும் இடத்தில் நானும் சித்தப்பா மகனும் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவன் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. நான் நாலு தடவை தப்பு.

அத்தை அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். “நீ போதும்டா. பாப்பா மட்டும் இருக்கட்டும். இவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்.”

அன்று எனக்கு ஒன்பது வயது. அந்தப் பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் தப்பாகச் சொன்னபோதெல்லாம் அத்தை சாரத்தில் ஏறிப்போய் சுழியை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினாள், புள்ளியைப் பெரிதாக்கி மேலே தள்ளி வைத்தாள். வெற்றிலைக் கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு, “இப்ப ரெண்டு சுழியா, மூணா?” என்று என்னைத்தான் கேட்டார். வெயில் ஏறியது. மதியத்துக்குள் நான் வரிசையாகப் பத்து முறை சரியாகச் சொன்னேன். அதே அளவில் கொத்தனார் சிமெண்டில் எழுத்துகளை இழைத்தார்.

திறப்பு விழாவில் எங்கள் லுத்தரன் சபை குருவானவர் ஜெபம் செய்து முடிப்பதற்குள்ளேயே, தலையில் டிரங்குப் பெட்டியோடு ஒரு குடும்பம் சந்துக்குள் நுழைந்தது. யாரும் அழைத்து வரவில்லை. அந்த அம்மாள் சித்தப்பாவிடம், “பஸ்ஸுல இருந்தே பேரு தெரிஞ்சுது. ரூம் இருக்குங்களா?” என்று கேட்டார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் எழுத்துகளையே அண்ணாந்து பார்த்தார். பிறகு சாவிக் கொத்தை அத்தையிடம் நீட்டினார். “முதல் ரூமை நீ திறந்து விடுக்கா.” வந்திருந்தவர்களைப் பார்த்து, “எழுத்து எங்க அக்கா போட்டது” என்றார். பிறகு என்னைக் காட்டி, “சரிபார்த்தது இவ” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அத்தை என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய் ஒரு கண்ணாடி வாங்கித் தந்தாள். லாட்ஜ் எழுத்தைச் சரிபார்த்ததற்குப் பரிசு என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். கண்ணாடி இல்லாதவர்களைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன். அத்தை மறுக்கவே இல்லை.

கண்ணாடி கைக்கு வந்த அன்று மாலை, அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி முகப்பைப் பார்த்தேன். ஆறு எழுத்தும் அரிவாளால் சீவியதுபோல் அவ்வளவு துல்லியமாக நின்றன. எனக்குத் தெரியாமல் அத்தை இன்னொரு முறை சாரத்தில் ஏறி எல்லாவற்றையும் திருத்தியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.