கல்மேஜைமேல் இருந்த கறுப்புக் கட்டம்

என் பேரன் பட்டாளத்தில் இருக்கிறான். ஊரில் எங்கேயாவது கண்ணீர் அஞ்சலி என்று பிளக்ஸ் கட்டியிருந்தால் நான் அந்தத் தெரு வழியாகப் போகமாட்டேன், சுற்றிக்கொண்டுதான் போவேன். பயமா என்று மருமகள் கேட்கிறாள். பட்டாளத்து வீட்டுப் பொம்பளைக்குப் பயம் கிடையாது. கறுப்புக் கட்டத்தைக் கண்டால் கால் அந்தப் பக்கம் போகாது, அவ்வளவுதான். அந்த வழக்கம் எனக்கு ஒன்பது வயதில் வந்தது.

அப்போது என் அப்பா எல்லையில் இருந்தார். சண்டை நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு மூத்தவரான பெரியப்பா, அதற்கு முந்தின சண்டைக்குப் போய்த் திரும்பி வந்து, தென்காசியில் அச்சாபீஸ் வைத்திருந்தார். காலால் மிதித்து ஓட்டுகிற மிஷின் ஒன்று, ஈய எழுத்துப் பெட்டிகள், கோர்த்த எழுத்தைச் சட்டத்துக்குள் வைத்து முடுக்க ஒரு கல்மேஜை. அதுதான் ஆபீஸ். கல்யாணப் பத்திரிகையும் அவர் கையால்தான், சாவுக் காகிதமும் அவர் கையால்தான். ஊரே அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடும்.

அவரிடம் ஒரு கிறுக்கு இருந்தது. வானம் வெளிறிக் கிடந்தாலும் குடை இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். ஆனால் அதை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. குடை கையில் இருந்தால் மழை வராது என்பது அவர் கட்சி. பண்பொழிப் பக்கம் வயல் வைத்திருந்தவர்கள் கேலி பண்ணுவார்கள்.

"பட்டாளத்தாரே, நாத்து காயுது. ரெண்டு நாளைக்கு அந்தக் குடைய வீட்டுல வச்சிட்டு வாருமய்யா."

அவர் சிரிக்கமாட்டார்.

எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்துவிட்டது. பெரியப்பாவுக்கு மதியச் சோறு கொண்டுபோவது என் வேலை. அப்படிப் போன ஒரு நாள், கல்மேஜைமேல் ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. அதற்குள் நாலு பக்கமும் கனத்த பட்டை கட்டி, ஆப்பு வைத்து முடுக்கியிருந்தார். நடுவில் ஓர் எழுத்துகூட இல்லை. வெறும் மரக்கட்டையால் அடைத்திருந்தது.

எழுத்து சரியாக வராவிட்டாலும், சாவுக் காகிதத்தைச் சுற்றிக் கறுப்பாக விழுகிற அந்தக் கட்டம் எனக்குத் தெரியும். சாவுக் காகிதம் வந்தால் அம்மா யாரையாவது வாசலிலேயே நிற்கவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். அது வீட்டுக்குள் தங்கக் கூடாது. இங்கே அது தங்கியது. மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த நாள் பெரியப்பா அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா.

சில நாள் கழித்து ஒருத்தர் மூச்சு வாங்க வந்தார். அவருடைய அம்மா தவறிவிட்டாள், பதினாறாம் நாளுக்குக் காகிதம் அடிக்க வேண்டும் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அந்தக் கிழவி பேர் கட்டத்துக்குள் ஏறிவிட்டால் என் அப்பா தப்பித்துவிடுவார் என்று குற்றாலநாதரை வேண்டிக்கொண்டு நின்றேன்.

பெரியப்பா, "பட்டை இல்ல அண்ணாச்சி. பக்கத்துத் தெருவுல கேளுங்க" என்றார்.

"இங்கனதான கட்டி வச்சிருக்கீரு? பேரைக் கோத்து ஓட்ட வேண்டியதுதான?"

பெரியப்பா சட்டத்தின்மேல் கையை வைத்தார். "அது குடுக்கதுக்கு இல்ல. வேற ஆளுக்குக் கட்டுனது."

"அந்த ஆளு செத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

வந்தவர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படியிறங்கினார். "சண்டைக்குப் போயிட்டு வந்ததுல மூளை களண்டுட்டு" என்று தெருவில் யாரிடமோ சொல்வது உள்ளே கேட்டது. எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. இன்னும் இல்ல, இன்னும் இல்ல என்பதுதான் வழி முழுக்கக் கூடவே வந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. நான் சொன்னால் அது நடந்துவிடும் என்று ஒரு திகில். சோறு இறங்கவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா என்னை ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீருக்கடியில் நிறுத்தினாள். தலையில் அத்தனை தண்ணீர் கொட்டியும் நான் கண்ணை மூடவில்லை. மூடினால் கட்டம் தெரிந்தது.

எங்கள் வீட்டில் வாசிக்க ஆள் இல்லாததால் தந்தி வந்தால் அச்சாபீசுக்குத்தான் வரும். அன்றைக்கு நான் தூக்குவாளியைத் திறக்கும்போது தந்திக்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். பெரியப்பா தந்தியை வாங்கவில்லை.

"கையில மை. நீரே வாசியும்."

கையில் மை இல்லை. காலையிலிருந்து மிஷினே ஓடவில்லை. தந்திக்காரர் பிரித்து, வாயை அசைத்து ஒரு தடவை வாசித்துக்கொண்டார்.

"உங்க தம்பிக்குக் கால்ல குண்டு பட்டிருக்காம். ஆஸ்பத்திரியில இருக்காராம். உசுருக்கு ஒண்ணுமில்ல, லீவுல வாராராம்."

"இன்னொருக்க வாசியும்."

இன்னொரு தடவையும் வாசித்தார். அவர் போனதும் பெரியப்பா ஆப்பைத் தட்டித் தளர்த்தினார். பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டார். "இனி இது வேண்டாம்" என்றார், என்னிடம் இல்லை, அந்தச் சட்டத்திடம். அவர் விரல் நடுங்கி ஒரு பட்டை கீழே விழுந்தது. இன்னும் சாப்பிடவில்லை, பசி நடுக்கம் என்று நினைத்தேன். சண்டைக்குப் போய் வந்த மனுஷருக்கு வேறு எதனால் கை நடுங்கப் போகிறது?

சோற்றைத் தொடாமலே ஆபீசைப் பூட்டினார். அம்மாவிடம் சொல்ல வேகமாக நடந்தோம். பாதி வழியில் குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் இறங்கியது. அப்போதுதான் பார்த்தேன், அவர் கை வெறுங்கை. கட்டத்தையும் குடையையும் சேர்த்துப் பார்க்கிற வயது எனக்கு இல்லை.

"பெரியப்பா, குடைய மறந்துட்டியளே."

"மறக்கலட்டி."

பெரியவர்களும் மறந்துவிட்டு மறக்கவில்லை என்று சாதிப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, தூக்குவாளிக்குள் சாரல் விழாமல் பாவாடையால் மூடியபடி, நனைந்துகொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன்.