மிசாவோ இழுத்துப் போன கூண்டு

மிசாவோ வாயைத் திறந்தால் இன்ஜின் சத்தம் தோற்றுவிடும். அவளுடைய படகு வருகிறதா என்று குரோசே தீவில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. குரல் முன்னால் வந்து சேர்ந்துவிடும். பக்கத்துத் தீவுக்குப் பாலம் கட்டும் வரை அவள் சரக்குப் படகு ஓட்டினாள். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒருமுறை கல்யாணப் பெண்ணும் அவளுடைய பீரோவும். பாலம் வந்தது, லாரிகள் வந்தன, படகு சும்மா நின்றது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மீனவர் சங்கம் சூரை மீன் குஞ்சு பொரிக்கும் நிலையத்தைத் தொடங்கியது. தீனிப் படகு ஓட்ட ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் மிசாவோ போய் நின்றாள். நான் அங்கே குளிர் அறையில் கானாங்கெளுத்தியை வெட்டித் தீனி தயாரிப்பவன். அவளோடு படகிலும் போவேன். அதனால் இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

அவள் கணவன் கட்சுனோரி தூண்டில் மீனவன். கோடையில் கை நீளச் சூரைக் குட்டிகளைக் கடலில் உயிரோடு பிடித்துக் கூண்டு வைத்து வளர்ப்பவர்களுக்குக் கொடுப்பதுதான் அவனுக்குப் பெரிய வரும்படி. கடலில் நீலத் துடுப்புச் சூரை குறைந்துகொண்டே போனதால் குட்டி பிடிப்பதற்கு அரசாங்கம் வரம்பு கட்டிவிட்டது. பாதி வருஷம் படகு கரையிலேயே கிடந்தது. அந்தக் கோபமெல்லாம் நிலையத்தின் மேல் திரும்பியது.

"கடல்ல திரியிறதப் பிடிச்சா குத்தம். தொட்டியில பொரிச்சா பெருமை. அதுக்கு நீ ஆயா வேலைக்குப் போறியா?" என்றான் மனைவியிடம்.

"இத்தன வருஷமா உங்கள மேய்ச்சவளுக்கு மீன மேய்க்கிறதா கஷ்டம்?" என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள் அவள்.

ஆனால் கஷ்டமாகத்தான் இருந்தது. நிலையத்தை நடத்த வெளியூரிலிருந்து நிவா என்ற விஞ்ஞானி வந்திருந்தார். ஒல்லியான மனிதர், எந்த நேரமும் தொட்டிக்குள் தலையை விட்டபடி இருப்பார். மரியாதைக்கு நாங்கள் அவரை 'சென்செய்', அதாவது வாத்தியார், என்று கூப்பிடுவோம். முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதல் சில நாட்களில் தண்ணீரின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு சாகும். அதில் தப்பியது அடியில் மூழ்கிச் சாகும். அதிலும் தப்பினால், பெரியது சிறியதை விழுங்கிவிடும். எல்லாவற்றையும் கடந்து விரல் நீளம் வளர்ந்தது, எங்கேயாவது வெளிச்சம் பளிச்சென்று அடித்தால் மிரண்டு அம்பாகப் பாய்ந்து சுவரில் மோதி முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். சூரைக்கு வேகம் முதலில் வந்துவிடுகிறது, திரும்பும் சாமர்த்தியம் பிறகுதான் வருகிறது. கையால் தொட்டுக் காப்பாற்றலாம் என்றால், தொட்ட இடத்தில் தோல் உரிந்துவிடும்.

முதல் வருஷம் பிழைத்ததைக் கடல் கூண்டுக்கு மாற்றினோம். மலைச் சாலையில் வளைந்து இறங்கும் லாரிகளின் விளக்கு கூண்டின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. சில வாரங்களில் கூண்டு காலி. தினமும் காலையில் மிசாவோவும் நானும் செத்த குஞ்சுகளைக் கோணியில் அள்ளிக்கொண்டு துறைமுகத்துக்குத் திரும்புவோம். கட்சுனோரியின் கூட்டாளி ஒக்காபே வலை தைத்தபடி காத்திருப்பான்.

"அக்கா, இன்னிக்கும் எழவா? ஊதுவத்தி வாங்கியாரட்டா?"

"வாங்கிட்டு வா. உன் படகு முன்னாடி கொளுத்தி வைக்கிறேன். அதுவும் அசைஞ்சு ரொம்ப நாளாச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் படகைக் கட்டிவிட்டு வந்த மிசாவோ கோணியின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "நேத்து ஒண்ணு என் நிழலப் பாத்துத் தீனின்னு மேல வந்துச்சுடா. என்னைய அடையாளம் தெரியுது அதுக்கு," என்றாள்.

அடுத்த வருஷம் நிவா ஒரு யோசனை செய்தார். இருட்டில் வரும் திடீர் வெளிச்சம்தான் மிரட்டுகிறது என்றால், இருட்டே இல்லாமல் செய்துவிடலாம். கூண்டுக்கு மேல் விளக்குகளைக் கட்டி ராத்திரி முழுக்க எரியவிட்டோம். கூண்டையும் அகலமாக்கினோம். கோணி மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலையில் அதில் போட எதுவுமே இல்லை. மிசாவோ காலிக் கோணியைக் கொடி மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைந்தாள். ஒக்காபே குனிந்து வலையைத் தைக்க ஆரம்பித்தான்.

கோடை முடிந்தபோது குட்டிகள் கை நீளம் வளர்ந்து, வெள்ளிக் கத்திகள் போலக் கூட்டமாக வட்டமிட்டன. அப்போதுதான் தெற்கே ஒரு பெரும்புயல் கிளம்பி எங்களை நோக்கித் திரும்பியது.

தீனிக் கொட்டகையில் கூடினோம். நிவாவின் முகம் வெளுத்திருந்தது. "இங்கயே விட்டா அலை வலையக் கிழிச்சிடும். விரிகுடாவுக்குள்ள கொண்டுபோனா அலை இருக்காது. ஆனா மழையில ஆறு சேத்தக் கொண்டுவந்து கொட்டும். சூரை ஓடிக்கிட்டே இருந்தாத்தான் மூச்சு விடும். கலங்கல் செவுள்ல ஏறினா அவ்வளவுதான்."

"வடக்கு முனைக்குப் பின்னால?" என்றாள் மிசாவோ. "தென்காத்த மலை மறைச்சுக்கும். ஆறும் கெடையாது. சரக்குப் படகு ஓட்டுனப்போ புயலுக்கு அங்கதான் ஒதுங்குவேன்."

"கூண்ட அவ்வளவு தூரம் இழுக்கணுமே. வேகமா இழுத்தா வலை சுருங்கி எல்லாம் நசுங்கிடும்."

"எவ்வளவு மெதுவா போகணும்னு மட்டும் சொல்லுங்க, சென்செய்."

"கொழந்த தவழுற வேகம்."

"போவோம்," என்றாள்.

விடிந்ததும் கிளம்பினோம். மிசாவோ சுக்கானில், நான் பின்தளத்தில் கயிற்றைப் பார்த்துக்கொண்டு. நிவா பின்னால் சிறிய படகில் வலையைக் கவனித்தபடி வந்தார். வானம் ஈயமாக இருந்தது. அலை நீளமாக, அவசரமில்லாமல் எங்களைத் தூக்கித் தூக்கி இறக்கியது. உச்சிப்பொழுது வரை எந்தத் தொல்லையும் இல்லை. ஊறுகாய் பிளம் வைத்த சோற்று உருண்டையைக்கூட நின்றபடியே தின்று முடித்தோம்.

வடக்கு முனையை நெருங்கியதும் நீரோட்டம் குறுக்கே பாய்ந்தது. எங்கள் படகு முன்னால் போக, கூண்டு பக்கவாட்டில் பாறைகளை நோக்கி நகர ஆரம்பித்தது. வேகத்தைக் கூட்டினால் குட்டிகள் நசுங்கும். கூட்டாவிட்டால் பாறை. மிசாவோ ரேடியோவை எடுத்தாள். யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லாத குரல், முதல் முறையாகத் தணிந்து ஒலித்தது.

"வடக்கு முனையில கூண்டோட நிக்கிறேன். ஓட்டம் பாறைப் பக்கம் தள்ளுது. பிடிக்க இன்னொரு கயிறு வேணும். யாராவது வர முடியுமா?"

துறைமுகத்தில் எல்லோரும் புயலுக்குத் தங்கள் படகுகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கட்டிய படகை அவிழ்த்துக்கொண்டு வரச்சொல்வது சின்ன விஷயமில்லை.

பிறகு கட்சுனோரியின் குரல் கரகரத்தது. "பாறைக்கு எவ்வளவு தூரம் இருக்கு?"

"உங்கம்மா கத்துனா கேக்குற தூரம்."

"அப்ப நெறைய தூரம் இருக்கு. தாக்குப் பிடி, வர்றேன்."

தனியாக வரவில்லை. முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு வரிசையே வந்தது. முன்னால் கட்சுனோரி, அவனுக்குப் பின்னால் ஒக்காபே, அதற்குப் பின்னால் காலையில் நாங்கள் கிளம்பியபோது தலையாட்டிச் சிரித்தவர்களின் படகுகள். நான் கயிறுகளை வீசினேன். கட்சுனோரி பிடித்ததும் இன்ஜினை முறுக்கினான்.

"இழுக்காதீங்க!" மிசாவோ ரேடியோவே தேவையில்லாமல் கத்தினாள். "பிடிச்சுக்கிட்டு மட்டும் நில்லுங்க! இழுத்தா உள்ள இருக்கிறது பூரா கருவாடு!"

சுற்றி நின்ற படகெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. கட்சுனோரி உடனே வேகத்தைக் குறைத்தான். வாழ்நாளெல்லாம் மீனை இழுத்தே பழகியவன், மணிக்கணக்காக இழுக்காமல் நின்றான். அவள் "மேற்க" என்றால் எல்லாப் படகும் மேற்கே சாய்ந்தது, "விடு" என்றால் எல்லாக் கயிறும் தளர்ந்தது. கூண்டு பாறையை விட்டு அடி அடியாக விலகியது.

நடுவில் ஒருமுறை அவன் படகு கூண்டை ஒட்டி வந்தது. எட்டிப் பார்த்தான். தெளிந்த நீரில் குட்டிகள் ஒன்றையொன்று தொடாமல் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. முகத்தில் தண்ணீர் அடித்ததையும் துடைக்காமல் பார்த்தபடி நின்றான்.

"ஒண்ணுகூட மோதலையே," என்றான் ரேடியோவில். "என்ன பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனீங்க?"

"வீட்டுல வந்து பேசிக்கலாம். கயிறப் பாருங்க!"

பொழுது சாயும் முன் மலையின் மறைவுக்குள் நுழைந்தோம். அங்கே தண்ணீர் கறுத்து, அசங்காமல் கிடந்தது. நங்கூரங்களை இறக்கிவிட்டு எல்லோரும் கரை திரும்பவும் முதல் மழை விழவும் சரியாக இருந்தது.

புயல் எங்கள் குளிர் அறையின் கூரையைப் பிய்த்துப் பள்ளிக்கூட மைதானத்தில் போட்டது. விரிகுடா மிசோ சூப்பின் பழுப்பு நிறத்தில், மரக்கிளைகள் மிதக்கக் கிடந்தது. காற்று அடங்கியதும் வடக்கு முனைக்கு விரைந்தோம். மேலிருந்து பார்த்தால் கூண்டின் வளையம் மட்டும்தான் தெரிந்தது. நிவா முகமூடியை மாட்டிக்கொண்டு குதித்தார். ரொம்ப நேரம் வரவே இல்லை. தலை வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றி மூச்சு வாங்கினார்.

"சொல்லித் தொலைங்க, சென்செய்!"

"இருக்கு," என்றார். "எல்லாம் இருக்கு. பசியில சுத்துது."

மிசாவோ சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. பிறகு என் பக்கம் திரும்பி, "பராக்குப் பாத்துட்டு நிக்கிறியே, பசிக்குதுன்னு சொல்றாரில்ல? தீனிய எடுடா!" என்று விளாசினாள். அள்ளிப் போட்டேன். தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கியது.

அதன் பிறகும் சுலபமாக இல்லை. சூரை தன் எடையைப் போலப் பல மடங்கு கானாங்கெளுத்தியைத் தின்னும். ஒரு மீனை வளர்க்க இத்தனை மீனைக் கொட்டுவதா என்று எங்களுக்கே உறுத்தியது. நிவா மீன் மாவையும் சோயாவையும் பிசைந்து உருண்டைத் தீனி செய்தார். மீன்கள் வாயில் வாங்கித் துப்பின. கணவாய் வாசனை சேர்த்தார், மென்மையாக்கினார், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். கடைசியில் தின்றன. என் வேலை போய்விடுமே என்று நான் முணுமுணுத்தபோது மிசாவோ, "போனாப் போகட்டும். கை நாத்தம் போச்சுன்னா உனக்குப் பொண்ணாவது கிடைக்கும்," என்றாள். வேலை போகவில்லை. உருண்டை பிடிக்கும் மெஷினுக்கு மாற்றினார்கள். கல்யாணமும் ஆயிற்று.

சில வருஷங்களில் குட்டிகள் ஆள் உயரம் வளர்ந்தன. முதல் அறுவடை நாளில் ஊர்க் கூடத்தில் எல்லோருக்கும் விருந்து. கட்சுனோரி ஒரு துண்டைச் சோயா சாஸில் தொட்டு வாயில் வைத்தான். கூடமே அவன் வாயைப் பார்த்தது.

"என்னங்க, சத்தத்தக் காணோம்?" என்றாள் மிசாவோ.

"தின்னும்போது பேசாதேன்னு நீதானே சொல்லுவ," என்று தட்டை நீட்டி மறுபடியும் கேட்டான்.

ஆனால் நிவா காத்திருந்தது அதற்கல்ல. அதுவரை நாங்கள் பொரித்தது கடலில் பிடித்த தாய் மீன்களின் முட்டை; இனி தொட்டியில் பிறந்த மீன்கள் தாங்களே முட்டையிட வேண்டும். இட்டால்தான் குஞ்சுக்காகக் கடலில் கை வைக்கத் தேவையில்லை. ஒரு கோடை போனது, ஒன்றுமில்லை. இன்னொன்றும் போனது. மூன்றாவது கோடையின் தொடக்கத்தில், ஒரு மாலை, தீனி போட்டுவிட்டுப் படகைத் திருப்பிய மிசாவோ சட்டென்று இன்ஜினை நிறுத்தினாள். கூண்டுக்குள் ஒரு மீனை நான்கைந்து மீன்கள் துரத்தின. உடம்பில் கறுப்புக் கோடுகள் ஏறியிருந்தன. தண்ணீர் கிழிந்தது, பிறகு பாலாகக் கலங்கியது.

மெல்லிய வலையால் அள்ளிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்தோம். கண்ணீர்த் துளி போல ஆயிரமாயிரம் முட்டைகள் மிதந்தன. மிசாவோ ரேடியோவை எடுத்து, துறைமுகத்தில் இருந்த எல்லாப் படகுக்கும் சொன்னாள்:

"நம்ம பசங்க முட்ட போட்டுட்டாங்க!"

முதலில் கட்சுனோரியின் படகு ஹாரன் அடித்தது. அப்புறம் ஒக்காபேயினுடையது. பிறகு துறைமுகம் முழுக்க அடித்தது. நாங்கள் குவளையைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள்ளே மெதுவாகப் படகை ஓட்டி வந்தோம்.